கூடல் என்றால் எந்தக் கூடல்? ஊர் வரலாறு எழுத வரும் புதியவர்களுக்கு

என் பெரியப்பா தலைமுறை வரைக்கும் கடலூரைக் கூடலூர் என்றுதான் சொன்னார்கள். பேச்சில் மட்டும் இல்லை, கடிதத்திலும் அப்படியே எழுதுவார்கள். சில வருடங்களுக்கு முன் பெரியப்பா தன்னிடம் இருந்த பழைய புத்தகங்களைக் கட்டி எனக்குப் பார்சல் அனுப்பினார். மேலே என் பெயர், தெருப் பெயர், கடைசி வரியில் ‘கூடலூர்’. பின்கோடு போடவில்லை. பார்சல் நேராக நீலகிரி மாவட்டத்துக் கூடலூருக்குப் போய்விட்டது. அங்கே எங்கேயோ மழையில் நனைந்து, மூன்று வாரம் கழித்துக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு வாசலுக்கு வந்தது. அட்டைகள் உப்பியிருந்தன. இரண்டு புத்தகங்களின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்கவே முடியவில்லை. அதில் ஒன்று தாத்தாவின் கையெழுத்து உள்ள தேவாரப் புத்தகம். இன்றும் அது பீரோவில் இருக்கிறது, திறக்க முடியாமல்.

ஊர் வரலாறு எழுத உட்காரும்போதும் இதே விபத்து நடக்கிறது. பழைய பாட்டிலோ கல்வெட்டுப் படியிலோ ‘கூடல்’ என்று கண்ணில் பட்டதும், இது நம் ஊர்தான் என்று எடுத்துக்கொள்கிறோம். மதுரைக்காரர் மதுரைக்கு எடுத்துக்கொள்கிறார், தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்குக்காரர் தன் ஊரான கூடலூருக்கு எடுத்துக்கொள்கிறார். கோயில் மலரிலும் பள்ளி ஆண்டு மலரிலும் அச்சாகிவிட்டால் அப்புறம் அதை யாரும் திருத்துவதில்லை. அடுத்தவர் அதைப் பார்த்து எழுதுவார்.

கடலூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக எழுத வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும்போது நான் சொல்லிக்கொடுக்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். கூடல் என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு செய்து காட்டுகிறேன். வேறு எந்தப் பெயருக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கூடல் என்பது பெயராவதற்கு முன்னால் ஒரு வருணனை. கூடு என்ற வினையிலிருந்து வந்த தொழிற்பெயர். ஆறும் ஆறும் சேருகிற இடத்தில் நின்ற எவருக்கும் அந்தச் சொல் தானாக வாயில் வந்திருக்கும். அதனால்தான் ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாதவர்கள், ஒருவர் ஊரை ஒருவர் பார்த்தே இராதவர்கள், இதே பெயரை வைத்திருக்கிறார்கள். இது ஒரே ஊரின் கிளைகள் என்றோ, ஒரு ஊரார் போய் இன்னொரு ஊரை உண்டாக்கினார்கள் என்றோ தொடங்கினால் முழுக் கட்டுரையும் தப்பாகப் போகும்.

பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள்

போஸ்ட்கார்டு அளவில் கெட்டி அட்டைகள் ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு குறிப்புக்கு ஒரு அட்டை. நோட்டுப் புத்தகத்தை நான் பரிந்துரைப்பதில்லை. பின்னால் பிரித்து அடுக்க வேண்டியிருக்கும்போது நோட்டு ஒத்துழைக்காது.

அட்டையில் பெயரை எந்த எழுத்தில் பார்த்தீர்களோ அதே எழுத்தில் எழுதுங்கள். ‘கூடல்’ என்று இருந்தால் கூடல். ‘கூடலூர்’ என்று இருந்தால் கூடலூர். நீங்களாகக் கடலூர் என்று மாற்றக் கூடாது. ஆங்கில ஆவணமாக இருந்தால் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதையும் குறியுங்கள். நம் ஊருக்கு ஆங்கிலத்தில் சி முதலெழுத்து, நடுவில் இரண்டு டி. நீலகிரிக் கூடலூருக்கும் தேனிக் கூடலூருக்கும் ஜி. கே என்று தொடங்கினால் கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டத்துக் கடலூர் முனையாக இருக்கலாம். அங்கே ஒரு கலங்கரை விளக்கம் உண்டு. இல்லையென்றால் செய்யூர்ப் பக்கம் கடற்கரையில் இருக்கும் கடலூர் சின்னக்குப்பமாகவோ பெரியகுப்பமாகவோ இருக்கலாம்.

பெயரோடு நிறுத்தாமல், அது வரும் வாக்கியம் முழுவதையும், முன்னால் ஒரு வாக்கியம், பின்னால் ஒரு வாக்கியம் சேர்த்து எழுதுங்கள். விடை பெரும்பாலும் அந்தப் பக்கத்து வாக்கியத்தில்தான் கிடைக்கும். எந்த நூல், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்பது அட்டையின் பின்பக்கத்தில். இதை அன்றைக்கே செய்யுங்கள். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட அட்டைகள் எனக்கு எந்தக் காலத்திலும் உதவியதில்லை.

ஊரா, செயலா, ஆளா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் நேராக வரைபடத்தைத் திறப்பவர்கள்தான் அதிகம். ஆனால் கூடல் எப்போதும் ஊராக இருக்க வேண்டியதில்லை.

ஊடலுக்கு எதிரே வரும் கூடல் உங்களுக்குத் தெரிந்ததுதான். பிணங்கியவர்கள் சேர்வது. திருக்குறளின் கடைசிக் குறளான 1330ஆம் குறள் ஊடலில் தொடங்கிக் கூடலில் முடிகிறது. அங்கே ஊரைத் தேடக் கூடாது.

இன்னொரு கூடல் இருக்கிறது. அது பெண்கள் குறி பார்க்கும் வழக்கம். கூடல் இழைத்தல், கூடல் இடுதல் என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு மணலில் விரலால் ஒரு வட்டம் போட வேண்டும். தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேர்ந்துவிட்டால் நினைத்தவன் வருவான். சேராவிட்டால் வரமாட்டான். வட்டத்துக்குள் சின்னச் சுழிகளை நிறையப் போட்டு, அப்புறம் இரண்டிரண்டாக எண்ணி, மிச்சம் இல்லாமல் முடிந்தால் நல்லது என்று பார்ப்பதும் உண்டு. நாச்சியார் திருமொழியில் ‘தெள்ளியார் பலர்’ என்று தொடங்கும் நான்காம் பதிகம் முழுவதும் ஆண்டாள் இந்த வட்டத்தோடுதான் பேசுகிறார். ‘கூடிடு கூடலே’ என்று கெஞ்சுகிறார்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. ஒரு மாலையில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கு என் அக்கா மகளை அழைத்துப் போயிருந்தேன். அலை வந்து திரும்பிய ஈர மணலில் அவள் உட்கார்ந்து, ஒரு கையால் கண்களை மூடிக்கொண்டு, மறு கை ஆள்காட்டி விரலால் மெதுவாக இழுத்தாள். பாதி வட்டம் நன்றாக வந்தது. அதற்கப்புறம் தோள் திரும்பத் திரும்ப, விரல் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டது. கண்ணைத் திறந்து பார்த்தபோது இரண்டு முனைகளுக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி. அவளுக்கு அதில் எந்த நம்பிக்கையும் கிடையாது. ஆனாலும் முகம் சட்டென்று வாடிவிட்டது. மறுபடியும் போடவா மாமா என்று கேட்டாள். வட்டத்திடம் ஆண்டாள் ஏன் அத்தனை முறை கெஞ்ச வேண்டும் என்பது அந்த நொடியில் எனக்குப் புரிந்தது.

இப்போது பாருங்கள். ஆண்டாளின் தகப்பனார் பெரியாழ்வார். அவர் திருப்பல்லாண்டு பாடியது மதுரையில் என்று வைணவ மரபு சொல்கிறது. மதுரையில் உள்ள திவ்ய தேசத்தின், அதாவது ஆழ்வார்கள் பாடிய தலத்தின், பெயர் திருக்கூடல், பெருமாள் கூடலழகர். ஆக ஒரே வீட்டில், தகப்பனாரின் கதையில் கூடல் ஒரு ஊர். மகளின் பாட்டில் கூடல் மணலில் போட்ட ஒரு வட்டம். ஆழ்வார்கள் பாடிய கூடல் என்று பொதுவாக ஒரு அட்டை போட்டிருந்தால் இரண்டையும் கலந்திருப்போம்.

ஆள் பெயர் விஷயம் சுருக்கமானது. கூடலழகன், கூடலிங்கம் போன்ற பெயர்கள் தெற்கே புழக்கத்தில் உண்டு. அவற்றைத் தனி அடுக்காக வைத்துவிடுங்கள். ஊர்ப்பெயரை முன்னால் வைத்துக்கொண்ட ஆட்களைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். அங்கேதான் நான் சறுக்கினேன்.

அக்கம்பக்கத்துச் சொல் என்ன சொல்கிறது?

ஊர்தான் என்று உறுதியான பிறகு, பெயருக்கு முன்னும் பின்னும் என்ன சொல் நிற்கிறது என்று பாருங்கள்.

பாண்டியன், மாறன், வழுதி, வையை என்று ஏதாவது பக்கத்தில் இருந்தால் அது மதுரை. ‘நான்மாடக் கூடல்’ என்றாலும் மதுரை. நான்கு மேகங்கள் நான்கு மாடங்களாக நின்று பெருமழையைத் தடுத்த கதையைத் திருவிளையாடற் புராணம் சொல்கிறது. சம்பந்தர் தேவாரத்தில் கூடலுக்கு அடுத்து ‘ஆலவாய்’ வரும். அதிலும் சந்தேகம் இல்லை. சில நேரம் திசையே சாட்சி சொல்லும். திருமுருகாற்றுப்படை திருப்பரங்குன்றத்தைக் கூடலுக்கு மேற்கே வைக்கிறது. திருப்பரங்குன்றம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் கூடல் எது என்பதும் தெரிந்துவிடும்.

சங்க இலக்கியத்திலும் சைவத் திருமுறைகளிலும் வெறுமனே ‘கூடல்’ என்று வந்தால் பெரும்பாலும் மதுரைதான். கடலூர்க்காரர்களாகிய நமக்கு இது கொஞ்சம் வருத்தம் தரும். ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

‘சங்கம’ என்ற சொல் ஒட்டிக்கொண்டு வந்தால் கர்நாடகத்துக்குப் போங்கள். பாகல்கோட் மாவட்டத்தில் கிருஷ்ணாவும் மலபிரபாவும் சேரும் இடம் கூடலசங்கமம். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பசவண்ணர் வசனங்கள் எனப்படும் தன் கன்னடப் பாடல்களை ‘கூடலசங்கமதேவா’ என்று இறைவனை அழைத்து முடிப்பார். அவருடைய ஐக்கிய மண்டபமும் அங்கேதான். கன்னடத்திலும் கூடல் என்றால் சேர்வதுதான். ஆனாலும் அந்த மரபு வேறு, நம் மரபு வேறு. பசவண்ணர் வழி வந்த வீரசைவர்களின் கூடலைக் கொண்டுவந்து நம் சைவத்தோடு ஒட்ட வைத்த கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். சொல் ஒன்றாக இருப்பதைத் தவிர அவற்றில் வேறு ஆதாரமே இல்லை. சிவமொக்கா மாவட்டத்தில் துங்காவும் பத்ராவும் சேரும் கூட்லியும் இப்படித்தான் தனி.

‘காடவன்’ அல்லது ‘காடவராயன்’ என்று வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். அது நம் பக்கம். 13ஆம் நூற்றாண்டில் நடுநாட்டை, அதாவது கடலூர், விழுப்புரம் பக்கத்தை, ஆண்ட காடவர்கள் கூடல் என்ற ஊரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டவர்கள். ‘கூடல் அவனியாளப் பிறந்தான் கோப்பெருஞ்சிங்கன்’ என்று கல்வெட்டில் வருவான். இவன் பல்லவ வழி என்று சொல்லிக்கொண்டவன். பாண்டியனோடு இந்தக் கூடலைக் கட்ட முடியாது. இந்தக் கூடலைக் கடலூராகவே கொள்ளும் ஆய்வாளர்கள் உண்டு. நீங்கள் எழுதும்போது, ‘கடலூராகக் கொள்வர்’ என்று எழுதுங்கள். ‘கடலூரே’ என்று அடித்துச் சொல்ல வேண்டாம்.

கோப்பெருஞ்சிங்கன் சோழ அரசன் மூன்றாம் இராசராசனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். போசள அரசன் இரண்டாம் நரசிம்மனின் தளபதிகள் படையோடு வந்து மீட்டார்கள். 1231 வாக்கில் நடந்த இந்தச் சங்கதியைச் சொல்லும் கல்வெட்டு எங்கே இருக்கிறது தெரியுமா? கடலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடக்கூடிய திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் கோயிலில். கல்யாணத்துக்கும் மொட்டைக்கும் நாம் போய்க்கொண்டிருக்கும் அதே கோயில். படை எந்த வழியாக வந்தது, எந்தெந்த ஊர்களை அழித்தது என்று வரிசையாகச் சொல்லும் கல்வெட்டு அது. அடுத்த முறை போகும்போது ஒரு சுவரையாவது நின்று பாருங்கள். கல்லில் மாவு, சுண்ணாம்பு எதுவும் பூச வேண்டாம். மாலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து தானாகத் தெரியும்.

சேந்தமங்கலத்திலும் அதே சிக்கல் காத்திருக்கிறது. கோப்பெருஞ்சிங்கனின் சேந்தமங்கலம் உளுந்தூர்பேட்டைப் பக்கம் கெடிலக் கரையில் இருப்பது. நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலைக்குப் போகிற வழியில் இன்னொரு சேந்தமங்கலம் இருக்கிறது. பழைய புத்தகத்தில் ‘தென்னாற்காடு மாவட்டம்’ என்று இருந்தால் குழம்ப வேண்டாம். தென்னாற்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. உளுந்தூர்பேட்டை இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். ஒவ்வொரு அட்டையிலும் மாவட்டத்தைப் பழைய பெயர், இன்றைய பெயர் இரண்டிலும் எழுதுங்கள்.

சொல்லின் பொருளைப் பார்க்கச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி போதும். கூடல் என்ற தலைச்சொல்லின் கீழே தரப்பட்ட பொருள்களை ஒன்று விடாமல் படியுங்கள், முதல் பொருளோடு மூடிவிடாதீர்கள். காடவர் கல்வெட்டுகளுக்குத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 12ஆம் தொகுதி. தேவாரத் தலங்களுக்குப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பணி மிகவும் உதவும். 1955இல் தொடங்கிய நிறுவனம் அது. தேவாரம் முழுவதையும் தலங்களின் வரைபடத்தோடு கணினிப் பதிப்பாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். கடலூரிலிருந்து பஸ் ஏறினால் காலையில் போய்ப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம்.

தண்ணீரைத் தேடிப் போங்கள்

இதை நான் மிக முக்கியமாகச் சொல்வேன். புத்தக வேலை முடிந்ததும் ஒரு நாள் செருப்பு தேய நடக்க வேண்டும். கூடல் என்று பெயர் இருந்தால் அங்கே என்ன கூடியது? எந்த ஆறு, எந்த ஆற்றோடு?

கடலூர் மாவட்டத்திலேயே இதற்கு அருமையான இடம் இருக்கிறது. திருக்கூடலையாற்றூர். ஸ்ரீமுஷ்ணம் பக்கம், மணிமுத்தாறும் வெள்ளாறும் சேரும் இடம். சுந்தரர் பாடிய தலம். திருமுதுகுன்றத்துக்கு, அதாவது இன்றைய விருத்தாசலத்துக்குப் போய்க்கொண்டிருந்தவருக்கு இறைவன் அந்தணர் வடிவில் வழி காட்டி, கூடலையாற்றூர் வரை கூட வந்து மறைந்தான் என்பது கதை. ‘அடிகள் இவ்வழி போந்த அதிசயம் அறியேனே’ என்று பதிகம் நெடுக வியக்கிறார். இங்கே கூடல் என்ற சொல்லுக்கு அகராதியே வேண்டாம். கரையில் நின்று பார்த்தால் போதும். மழைக்காலத்தில் போனால் இரண்டு ஆறுகளின் தண்ணீரையும் சேர்ந்து பார்க்கலாம். கோடையில் போனால் மணல்தான் கூடியிருக்கும்.

பெயரில் கூடல் இருப்பதால் இதைக் கடலூரின் பழம்பெயர் என்று நினைத்துவிடக் கூடாது. அது மாவட்டத்தின் தென்மேற்கில் உள்ள தனி ஊர். கடலூர் நகரத்தின் தண்ணீர் வேறு. ஊருக்கு நடுவே கெடிலம் ஓடி, தேவனாம்பட்டினம் பக்கம் கடலைத் தொடுகிறது. வடக்கே தாழங்குடா பக்கம் தென்பெண்ணை. தெற்கே பழைய டவுனில் துறைமுகத்தை ஒட்டி உப்பனாறும் பரவனாறும். இத்தனை தண்ணீரும் சில மைல் தூரத்துக்குள் கடலில் கூடுகின்றன. கூடலூர் என்ற பெயருக்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். கடலூர் என்று பெயர் மாறிய பிறகு ‘கடல் உள்ள ஊர்’ என்று பொருள் சொல்லிக்கொண்டோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடல் எல்லாக் கடற்கரை ஊருக்கும் இருக்கிறது. இத்தனை ஆறுகள் இப்படி ஒரே இடத்தில் வந்து சேர்வது எல்லா ஊருக்கும் வாய்க்காது. துறைமுகத்துப் பக்கம் மீனவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எங்கே எந்தத் தண்ணீர் வந்து கலக்கிறது, முகத்துவாரம் எந்த மாதத்தில் மணல் மூடுகிறது என்று விரல் நீட்டிச் சொல்வார்கள். அதையும் ஒரு அட்டையில் எழுதுங்கள். யார் சொன்னார், எந்தத் தேதி என்பதோடு.

ஆறே இல்லாத கூடல்களும் உண்டு. தேவர்கள் கூடினார்கள், புலவர்கள் கூடினார்கள் என்று தலபுராணமோ செவிவழிக் கதையோ காரணம் சொல்லும். அதைப் பொய் என்று ஒதுக்க வேண்டாம். ‘கதைப்படி’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்து எழுதினால் போதும்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் ஆவணங்களைப் படிப்பவர்களுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயர்கள் 1690இல் மராட்டியரிடமிருந்து வாங்கிய கோட்டை தேவனாம்பட்டினத்தில் இருந்தது. புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்கள் அவர்களுக்கு என்பது ஏற்பாடு. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று இன்றும் இருக்கும் பெயர்கள் அந்த நினைவில்தான். அந்த ஆவணங்களில் கோட்டையும் கடலூரும் இரண்டு தனி இடங்களாக வரும். கடலூர் என்று அவர்கள் எழுதுவது பெரும்பாலும் இன்றைய பழைய டவுனை. இரண்டையும் ஒன்றாக்கி எழுதினால் சண்டை நடந்த இடமே மாறிப்போகும்.

பெரிய பெயரைக் கண்டால் கை நீளும்

சங்கப் புலவர்களில் கூடலூர் கிழார் என்று ஒருவர் இருக்கிறார். குறுந்தொகை 167ஆம் பாட்டு அவருடையது. புது மனைவி கட்டித் தயிரை விரலால் பிசைகிறாள். அதே விரலைச் சேலையில் துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் படத் தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் ‘இனிது’ என்று சாப்பிடுகிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. அவ்வளவுதான் பாட்டு. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவரும் இவரே.

இப்படிப்பட்டவர் நம் ஊர்க்காரராக இருந்தால் எப்படி இருக்கும்! நானும் அப்படித்தான் ஆசைப்பட்டேன். ஒரு குடமுழுக்கு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். கூடலூர் என்பது கடலூரின் பழம்பெயர், ஆகவே கூடலூர் கிழார் நம் ஊர்ப் புலவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மலர் வந்து சில மாதம் கழித்துத் தேனிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கடிதம் எழுதினார். கோபமே இல்லாத கடிதம். “ஐயா, கிழார் யாரைப் பாடினார் என்று பார்த்தீர்களா?” என்று ஒரே கேள்வி.

பார்த்தேன். புறநானூறு 229ஆம் பாட்டு. வானில் ஒரு விண்மீன் எரிந்து விழுந்ததைப் பார்த்து, அரசனுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று அஞ்சி, ஏழாம் நாள் அவன் இறந்ததைப் பாடியிருக்கிறார். இறந்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. சேரன். ஐங்குறுநூற்றைத் தொகுப்பித்தவனும் அவனே. புலவரின் உறவு முழுக்கச் சேர நாட்டோடு. கீழைக் கடற்கரையில் உள்ள நம் ஊரோடு அவரைக் கட்ட ஊர்ப்பெயரைத் தவிர என்னிடம் ஒன்றுமே இல்லை. தேனிக் கூடலூர் என்று கட்டவும் அந்தப் பெரியவரிடம் முழு ஆதாரம் இல்லைதான். அவர் அதை நேர்மையாகக் கடிதத்திலேயே சொல்லியிருந்தார். நான் அந்த அமைப்பினரிடம் சொல்லி, அடுத்த மலரில் திருத்தம் போட வைத்தேன். அந்தக் கடிதத்தை இன்றும் அட்டைக் கட்டின் மேலேயே வைத்திருக்கிறேன்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். நம் ஊருக்குப் பெருமை சேர்க்கும் அட்டை என்றால் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைப்பேன். சிவப்புப் புள்ளி அட்டைக்குப் பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு இரண்டு சான்றாவது வேண்டும். பாடப்பட்ட அரசன் யார், பாட்டில் வரும் ஆறும் மலையும் எது, அந்த ஊரைப் பற்றி வேறு யாராவது சொல்கிறார்களா. இரண்டு கிடைக்காவிட்டால், ‘கூடலூர் என்ற ஊரைச் சேர்ந்தவர்’ என்று எழுதி அங்கேயே நிறுத்திக்கொள்வேன்.

இன்றைய ஊர்களைப் பிரிப்பது சுலபம்

இதற்கு அதிக நேரம் வேண்டாம். பின்கோட்டின் முதல் மூன்று எண்ணைப் பாருங்கள். 607 என்றால் கடலூர்ப் பக்கம், 643 நீலகிரி, 625 மதுரை, தேனிப் பக்கம், 641 கோவை. கோவை மாவட்டத்திலும் ஒரு கூடலூர் இருக்கிறது. வண்டி எண் பலகையில் டிஎன் 31 கடலூர், 43 நீலகிரி, 60 தேனி. கேரளத்தில் பத்தனம்திட்டா மாவட்டத்தில் வெறும் ‘கூடல்’ என்றே ஒரு ஊர் உண்டு. தஞ்சைப் பக்கம் திருமங்கையாழ்வார் பாடிய திருக்கூடலூர், ஆடுதுறைப் பெருமாள் கோயில் என்றும் சொல்வார்கள். பவானி கூடுதுறையைக் கூடல் என்று எழுதியிருந்தால் தனி அட்டை போடுங்கள்.

வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. ரயிலில் ‘கூடலூர்’ என்று தேட வேண்டாம். நீலகிரிக் கூடலூருக்கும் தேனிக் கூடலூருக்கும் ரயிலே கிடையாது. நம் ஊருக்கு இரண்டு நிலையங்கள். டவுனுக்குள் வர வேண்டும் என்றால் திருப்பாதிரிப்புலியூரில் இறங்குங்கள். ஊர்க்காரர்கள் திருப்பாப்புலியூர் என்பார்கள். கடலூர் துறைமுகம் சந்திப்பு பழைய டவுன் பக்கம். கடற்படையில் கடலூர் என்ற பெயரில் ஒரு கண்ணிவாரிக் கப்பலும் இருந்தது. செய்தித்தாள் குறிப்பில் ஐஎன்எஸ் என்று முன்னால் இருந்தால் அது ஊர்ச் செய்தி அல்ல.

எழுதும்போது

அட்டைகளை மேசையில் பரப்பிக் குவியல் குவியலாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கூடலுக்கும் ஒரு குவியல். எதிலும் சேராதவற்றுக்கு ஒரு குவியல். அந்தக் கடைசிக் குவியல் பெரிதாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். நேர்மையாக வேலை செய்தவரின் மேசையில் அது எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். அதை ஒரு டப்பாவில் போட்டு, வருடத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள்.

கட்டுரையின் தொடக்கத்திலேயே, நீங்கள் எழுதுவது எந்தக் கூடலைப் பற்றி, எவற்றைப் பற்றி இல்லை என்று நான்கைந்து வரியில் சொல்லிவிடுங்கள். ‘இங்கே கூடலூர் என்பது இன்றைய கடலூர் நகரம். மதுரைக்குரிய கூடல், நீலகிரி, தேனிக் கூடலூர்கள், கூடலையாற்றூர் ஆகியவை வேறு.’ இந்த அளவு போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் மாவட்டமும், தெரிந்தால் ஆறும் போடுங்கள். மற்ற ஊர்களைச் சிறுமைப்படுத்தும் சொல் எதுவும் வேண்டாம். முடிந்தால் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். நான் இப்போதெல்லாம் தேனிப் பெரியவரிடம் அனுப்பாமல் ஒரு பக்கம் கூட வெளியே விடுவதில்லை.

கை பழக வேண்டும் என்றால் கடலூரிலேயே இன்னொரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பாடலி. மருள்நீக்கியார் சமணத்தில் சேரப் ‘பாடலிபுத்திரம்’ போனார் என்று பெரிய புராணம் சொல்கிறது. அவர்தான் பின்னாளில் திருநாவுக்கரசர். பீகார் வரை நடந்து போனாரா? சமண நூலான லோகவிபாகம் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், காஞ்சியில் சிம்மவர்மன் ஆண்டபோது ‘பாடலிகா’ என்ற ஊரில் எழுதி முடிக்கப்பட்டது என்கிறது. சோழநாட்டிலோ பாண்டிநாட்டிலோ தேட வேண்டாம், பல்லவ அரசன் பக்கத்துச் சொல்லாக நிற்கிறான். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட நாவுக்கரசர் கரை சேர்ந்ததாகச் சொல்லும் கரையேறவிட்டகுப்பம் இன்றும் கடலூர்ப் பக்கம் இருக்கிறது. பாடலம் என்பது பாதிரி மரம். இரண்டு அட்டைகள் போட்டுக்கொண்டு திருப்பாப்புலியூர் பாடலீசுவரர் கோயிலுக்குப் போங்கள். தலமரமான பாதிரி வேனிலில் பூக்கும்.